லியோனா கழற்றிய கை

லியோனா ப்ரூயின்ஸ்மா எங்கள் பள்ளிக்கு முதன்முதலில் வந்தபோது ஒரு காபி டப்பா நிறைய டிரில் பிட்டுகள் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் முனை மழுங்கித் தூக்கிப் போட்டவை. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாணை பிடித்திருந்தார்.

பள்ளியில் ரோபோ அணி தொடங்கியிருந்தோம். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கார் இருக்கைச் சட்டம் செய்யும் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் நான் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தேன். அதைப் பார்த்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

"நீங்கதானே ஆர்லன் சார்? என் பொண்ணு அன்னிகா ஒம்பதாவது படிக்கிறா. அவ இதுல சேர்ந்தா நானும் வர்றேன். சேரலைன்னா இதக் குடுத்துட்டுப் போயிடறேன்," என்றார்.

அன்னிகா ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். பட்டியலில் முதல் பெயரே அவளுடையதுதான்.

நான் வேதியியல் ஆசிரியன். இயந்திரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. படிவம் நிரப்புவது, பேருந்துக்குச் சொல்லிவைப்பது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது இவைதான் அணியில் என் வேலை. லியோனா வந்த பிறகுதான் எங்கள் பட்டறை பட்டறை போல ஆனது. ஸ்பேனர்களுக்குச் சுவரில் இடம் வந்தது. அவருக்கு நாற்பத்துநான்கு வயது, அகன்ற தோள், எப்போதும் சட்டைப்பையில் ஒரு அளவுகோல். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். லியோனா அதைப் பற்றிப் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

முதல் வருஷம் எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்தார்கள். எப்படிச் செய்வது என்று பெரியவர்கள் எங்களுக்கே தெரியாததுதான் காரணம், கொள்கை ஒன்றுமில்லை. ஜனவரியில் அந்த வருஷத்துப் போட்டி என்னவென்று அறிவிப்பார்கள். ஆறு வாரத்தில் ரோபோவைக் கட்டி முடித்துப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். மார்ச் மாதம் அரங்கத்தில்தான் அது மறுபடி வெளியே வரும். எங்கள் ரோபோ இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு வட்டமடித்தது. நாற்பது அணிகளில் முப்பத்தெட்டாவதாக வந்தோம். எங்களுக்குப் பின்வரிசையில் யாரோ ஒருவர், "இத யாரு வீட்டுக் குப்பைலேர்ந்து எடுத்துட்டு வந்தாங்க?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் அந்தச் சக்கரத்துக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அன்னிகாதான் பாதிரியார். சிரித்துச் சிரித்து ஒரு பையன் தின்றதை வாந்தியெடுத்தான். லியோனா மட்டும் வழி முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சிரிப்பு அவரை ஏன் அப்படிக் குத்தியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலையில் கருவிகளும் அச்சுகளும் கடையும் டூல் ரூமில் இருபது வருஷமாக அவர் ஒரே பெண். முதல் ஆறு வருஷம் அவர் லேத்தில் கை வைத்தால் போதும், யாராவது ஒருவன் தோளால் இடித்து, "தள்ளு, நான் பண்றேன்," என்பானாம். அவர் தவறு செய்வதற்கு முன்பே வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு, பெண்ணுக்கு வேலை தெரியாது என்பார்கள். அந்த ஆறு வருஷத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து, அந்த அறையிலேயே மிக நுணுக்கமாக வேலை செய்பவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

இரண்டாவது வருஷத்துப் போட்டி, தரையிலிருக்கும் பெட்டிகளைத் தூக்கி உயரமான தட்டில் அடுக்குவது. தூக்கும் கையைச் செய்யும் பொறுப்பை அன்னிகா எடுத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பு. முதலில் அட்டையில் செய்தாள், பிறகு ஒட்டுப்பலகையில், பிறகு அலுமினியத்தில். ஆறு தடவை பிரித்து ஆறு தடவை கட்டினாள். கப்பி வழியாக ஒரு கம்பிக்கயிறு ஓடி இழுக்கும், கை எழும்பும். மெதுவாகத்தான் எழும்பும். நாலு தடவைக்கு ஒரு தடவை கயிறு எங்கோ சிக்கிப் பாதியில் நின்றுவிடும். பை கட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் சத்தம்கூடக் கேட்காது. தேவாலயத்தில் காலையில் ஓர் ஆராதனை, மாலையில் ஓர் ஆராதனை. நடுவில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். பட்டறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று லியோனாவிடம். அந்த ஞாயிறு காலை லியோனா தலைவலி என்று சொல்லி மகளை மட்டும் ஆலயத்தில் இறக்கிவிட்டார். பிறகு பள்ளிக்குப் போனார். தொழிற்சாலையில் உணவு இடைவேளைகளில் தானே வரைந்து, தானே கடைந்த ஒரு கை அவருடைய வண்டியின் பின்னால் இருந்தது. பகல் முழுதும் அந்த வண்டி பள்ளி வாசலில் நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆராதனை விட்டு வரும் வழியில் நானும் பார்த்தேன். உள்ளே போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாலை பிள்ளைகள் வந்தபோது ரோபோவில் புதுக் கை இருந்தது. பளபளவென்று, முழங்கை போல இரண்டாக மடங்கும் கை. ஷெல்பி என்ற பெண்தான் ரோபோவை ஓட்டுபவள். அவள் பொத்தானை அழுத்தினாள். கை சட்டென்று எழுந்து பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் மடங்கியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

அன்னிகா மேலங்கியைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"என்னோடது எங்கம்மா?"

"அலமாரி மேல வச்சிருக்கேன். பத்திரமா இருக்கு."

"நாலுல மூணு தடவ தூக்குச்சே."

"நாலாவது தடவ?"

"நாலாவது தடவைக்கு இன்னிக்கு..." அன்னிகா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணு, எட்டு நாள்தான் இருக்கு. அங்க வந்து நிக்கறவங்க ஒன்ன பத்தாவது படிக்கிற பொண்ணுன்னு பாக்க மாட்டாங்க. பல்லக் காட்டிச் சிரிப்பாங்க. கொஞ்சம் தள்ளிக்கோ, அந்த நட்ட நான் இறுக்கிடறேன்."

அன்னிகா தள்ளிக்கொண்டாள். மேலங்கிப் பைக்குள் விட்ட கையை அன்று மாலை முழுதும் அவள் வெளியே எடுக்கவே இல்லை.

பிள்ளைகள் போன பிறகு நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது பசங்க பண்ண வேண்டிய வேலை இல்லையா, லியோனா?"

"டாக்டருக்குப் படிக்கிறவன் கையில மொத நாளே கத்தியக் குடுப்பாங்களா? பெரிய டாக்டர் பண்றதப் பக்கத்துல நின்னு பாக்கணும். பாத்துப் பாத்துத்தான் வரும்." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போன வருஷம் அவங்க சிரிச்சாங்களே, அது ஒங்களுக்குக் காதுல விழுந்துருக்காது, ஆர்லன். எனக்கு விழுந்துச்சு. இருவது வருஷமா விழுந்துக்கிட்டுதான் இருக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அதைவிட, ஜெயிக்கலாம் என்று பட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெயித்தோம். முதல் போட்டியில் இரண்டாமிடம், அடுத்ததில் முதலிடம். அந்த அடுத்த போட்டியில் நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை. நடுவர்கள் மூன்று பேர் ரோபோவைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளிடம் மட்டும்தான் பேசுவார்கள், பெரியவர்கள் இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். லியோனாவும் நானும் பின்னால் நின்றோம்.

"இந்தக் கைய ஏன் ரெண்டா மடங்குற மாதிரி பண்ணீங்க?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

"வேகமாத் தூக்கணும்னு," என்றாள் ஷெல்பி.

"இதுக்கு முன்னாடி வேற என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

ஷெல்பி திரும்பி லியோனாவைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் ரோபோவைப் பார்த்தார்கள். அன்னிகாதான் பதில் சொன்னாள், ரொம்ப மரியாதையாக.

"தெரியாது சார். இத மாட்டினப்ப நாங்க எல்லாரும் சர்ச்சுல இருந்தோம்."

ஒரு நடுவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். மற்ற இருவரும் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார்கள். லியோனாவின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது.

ஊர் எங்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி வலம் வந்தது. வங்கி வாசலில் பள்ளியின் பெயரை விளக்கெழுத்தில் ஓடவிட்டார்கள். வண்டியில் அன்னிகா இல்லை. அடுத்த நாள் அணியின் சட்டையைத் துவைத்து, மடித்து, என் மேசைமேல் வைத்தாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"அவங்களுக்கு நான் வேணும்னு இல்ல சார். அவங்களுக்கு ஜெயிக்கணும். ஜெயிச்சிட்டாங்க."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தாயும் மகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அன்னிகா ஒரு பூச்செடிப் பண்ணையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை போட்டுக்கொண்டதாக யாரும் கேள்விப்படவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று லியோனா ஒரு தடவை என்னிடம் சொன்னார். "சாப்பிட்டியான்னா சாப்பிட்டேங்கறா. எப்ப வருவேன்னா எட்டு மணிக்குங்கறா. அவ்ளோதான் எங்க வீட்டுப் பேச்சு." அந்த இரண்டு வருஷமும் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. ரோபோவை முழுக்க முழுக்க லியோனாவே செய்தார். பிள்ளைகள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்கள், துடைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளி முடிந்ததும் அன்னிகா தூரத்தில், மேற்குக் கரையிலிருக்கும் ஓரிகன் மாநிலத்துக்குப் போனாள். ஒரு பேக்கரியில் வேலை. மகளைப் பொறியியல் படிக்க வைக்க வேண்டும் என்று லியோனாவுக்கு ஆசை இருந்தது. அதைச் சொல்லும் உரிமையைத் தான் இழந்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தோம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அன்னிகா செய்த கையை லியோனா இறக்கினார். தூசியைத் துடைத்துவிட்டு, மேசையில் பூட்டி, கயிற்றை மெதுவாகக் கையால் இழுத்தார். மேலே போயிற்று. மறுபடி இழுத்தார். நாலாவதோ ஐந்தாவதோ தடவை நின்றது. குனிந்து பார்த்தார். கயிறு கப்பியின் விளிம்பில் ஏறி, கப்பிக்கும் தகட்டுக்கும் நடுவே விழுந்திருந்தது. டப்பாவிலிருந்து ஒரு தடித்த வாஷரை எடுத்து அந்த இடைவெளியில் போட்டார். பிறகு இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணுவதை நிறுத்திய பிறகும் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"ஒரு வாஷர், ஆர்லன்," என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே மகளுக்கு போன் செய்தார். நான் வெளியே போக எழுந்தேன், கையமர்த்தி உட்காரச் சொன்னார். தனியாக இருக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"அன்னி, ஒன்னோட கை இருக்கே, பழசு. அது ஏன் சிக்குச்சுன்னு கண்டுபுடிச்சிட்டேன்டா. கயிறு விளிம்புல ஏறுது. ஒரு வாஷர் போட்டா போதும்."

அமைதியான அறை என்பதால் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"அந்த ஞாயித்துக்கெழமையே. பாதிரியார் பேசிட்டிருக்கும்போது சட்டுனு புரிஞ்சுது. அத மாட்டலாம்னுதான் திங்கக்கெழம வாஷர பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தேன்."



"ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா. சரி, அடுப்புல ரொட்டி இருக்கு, வச்சிடறேன்."

அந்த ஜனவரியில் லியோனா பட்டறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: பெரியவர்கள் யாரும் கருவிகளைத் தொடக் கூடாது. முதல் பெயராகத் தன் பெயரை எழுதியிருந்தார். அந்த ஆறு வாரமும் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பையன் திருகைக் கோணலாக ஏற்றுவான். லியோனாவின் உதடு அசையும். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். "மிஸஸ் பி, இது சரியா?" என்று பிள்ளைகள் கேட்டால், "நீ என்ன நெனைக்கிற?" என்பார். அவர்கள் முகத்தில் எரிச்சல் தெரியும். முந்தைய வருஷம் வரை எல்லாவற்றையும் செய்து தந்தவர், இப்போது என்ன வந்தது இவருக்கு என்று. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்பது பேர் நான்காவது வாரம் மெல்ல மெல்ல லியோனாவைக் கேட்பதை விட்டுவிட்டுத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு இரட்டைச் சகோதரிகள் இருவர் தரையில் படுத்துக்கொண்டு, அந்த வருஷத்துப் போட்டிக்கான பந்துகளை வலைப்பின்னலால் அள்ளும் ஒரு வாய் செய்தார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். பத்துக்கு ஏழு பந்து அள்ளும்.

முப்பத்தொன்றாவது இடம்.

ஏப்ரலில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ரான் ஹீம்ஸ்ட்ரா எழுந்து நின்றார். ஊரில் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறை வைத்திருப்பவர், அவர் மகன் அணியில் இருந்து பாதியில் நின்றவன்.

"லியோனா, ஒங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா போன வருஷம் மாநில அளவுல போன பசங்க. இந்த வருஷம் அரங்கத்துல மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னாங்க. ஒங்களுக்கு வேலை தெரியும். தெரிஞ்சும் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. இது என்ன வேடிக்கை?"

"அவங்க செஞ்சாங்க, ரான். மூணு வருஷத்துக்கப்புறம் இப்பத்தான் அவங்களே செஞ்சாங்க."

"செஞ்சு என்னத்தக் கிழிச்சாங்க?"

சிலர் சிரித்தார்கள். லியோனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். தன் மகளைப் பற்றி அங்கே சொல்லியிருந்தால் சிலருக்காவது புரிந்திருக்கும். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். இனி அணிக்கு யார் வழிகாட்டுவது என்று தலைமை ஆசிரியை கையுயர்த்தச் சொன்னபோது ரானுக்கும் நான் உயர்த்தவில்லை, லியோனாவுக்கும் உயர்த்தவில்லை. ஆசிரியர் என்பதால் விலகி நிற்கிறேன் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ரான் தலைமை வழிகாட்டி ஆனார். லியோனா சாவியை என் கையில் கொடுத்தார். "அந்த ரெட்டைங்க நல்லாப் பண்ணுவாங்க, பாத்துக்கோங்க," என்றார். அடுத்த ஜனவரியில் அந்த இருவரும் வரவில்லை. ரான் தன் பட்டறையிலேயே ரோபோவைக் கடைந்து கொண்டுவந்துவிட்டார். செய்வதற்கு அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஷெல்பி அதே தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தாள். லியோனாவுக்கு அடுத்து அங்கே இரண்டாவது பெண். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "மிஸஸ் பி, இந்த வேல எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? நீங்க செய்யறப்போ பக்கத்துல நின்னு உங்க கையவே பாத்துட்டிருப்பேன். அதான்," என்று சொன்னாளாம். இதை ஷெல்பியே என்னிடம் சொன்னாள். லியோனா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறாள். லியோனா சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டு, "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிகாவும் அங்கதான் நின்னா," என்றாராம்.

ஐம்பத்துநான்காவது வயதில், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை காலை, தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் லியோனாவின் இதயம் நின்றுபோனது. சனிக்கிழமை அடக்கம். அன்றைக்கு அணி வெளியூரில் போட்டியில் இருந்தது. ஆலயத்துக்கு வந்தவர்கள் டூல் ரூம் ஆட்கள், அண்டை வீட்டார், ஷெல்பி, நான். ஓரிகனிலிருந்து அன்னிகா வந்திருந்தாள். முகம் அப்படியே தாயின் முகம்.

அடக்கத்துக்குப் பிறகு ஆலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி வைத்த பன்னும் காபியும் கொடுத்தார்கள். அன்னிகா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி சார் இருக்கீங்க? அம்மா கடைசி வரைக்கும் அந்த அணியோடதான் இருந்தாங்களா?"

"இல்லம்மா. அவங்கள அணியிலேர்ந்து எடுத்துட்டாங்களே. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவில் ஒட்டிய தாள், சுவரைப் பார்த்து நின்றது, இரட்டைச் சகோதரிகள், முப்பத்தொன்றாவது இடம், ரான் கேட்டது, கை உயர்த்தச் சொன்னது. நான் உயர்த்தாததையும் சொன்னேன். அவள் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆறு வாரமும் ஒரு தடவைகூடத் தொடலியா?"

"தொடல."

"எங்கம்மாவா?"

"உங்கம்மாதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. ஷெல்பி வந்து முதுகில் கைவைத்தாள்.

"மாசம் ரெண்டு தடவ பேசுவோம் சார்," என்றாள் அன்னிகா, கடைசியில். "அங்க மழையான்னு கேப்பாங்க. இங்க பனின்னு சொல்லுவாங்க. இத்தன வருஷம் வானிலையவே பேசிட்டிருந்தோம். இத ஒரு தடவ சொல்லியிருந்தா நான் அடுத்த விமானம் புடிச்சு வந்திருப்பேன்."

"நீ மன்னிக்கணும்னுதான் செஞ்சாங்கன்னு நெனச்சுக்குவியோன்னு பயந்திருப்பாங்க," என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

அவள் நான்கு நாள் இருந்து வீட்டைக் காலி செய்தாள். கருவிகளையெல்லாம் ஷெல்பிக்குக் கொடுத்துவிட்டாள். மே மாதம் வீடு விற்றுப்போனது. அன்னிகா அதன் பிறகு ஊருக்கு வரவில்லை. வருவதற்கு இங்கே யாரும் இல்லை.

அடக்கம் நடந்த அந்தச் சனிக்கிழமை அணி முதலிடம் பெற்றது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், படிவம் நிரப்புகிறேன், பேருந்துக்குச் சொல்லிவைக்கிறேன். போன மாதம் ஒரு புதுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, பட்டறையில் வெகுநேரம் சும்மா நின்றுவிட்டு என்னிடம் வந்து, "சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாள். ரானைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டேன்.